வாசகர் கேள்வி–பதில்: கொழும்பு கிட்டவா, சென்னை கிட்டவா?

அண்டை நாட்டு மக்களின் பண்பாட்டை 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். பதில் சொல்கிறவர்கள் சமூக அறிவியல் ஆசிரியர்கள்.

கே: பத்தாம் வகுப்புக் குடிமையியலில் ‘இந்தியாவின் சர்வதேச உறவுகள்’ பாடம் இருக்கிறது. ஒப்பந்தங்கள் வருகின்றன, திட்டங்கள் வருகின்றன. அண்டை நாடுகளில் வாழ்கிற மனிதர்கள் வருவதில்லை. மூன்று பாடவேளை ஒதுக்க முடியும். என்ன செய்யலாம்?
— ஆசிரியை, அருமனை

ப: மூன்று போதும். கொடி, தலைநகர், நாணயம் என்று ஆரம்பித்தால் மட்டும் போதாது. மூன்று பாடவேளையும் அதிலேயே கரைந்துவிடும். அதையெல்லாம் பிள்ளைகள் எப்போதோ மனப்பாடம் செய்தாயிற்று.

முதல் பாடவேளைக்கு வரைபடமும் கவராயமும் எடுத்து வரச் சொல்லுங்கள். கவராயத்தின் முள்ளைக் கன்னியாகுமரியில் ஊன்றி, பென்சில் முனையைச் சென்னையில் வைத்து ஒரு வட்டம் போடட்டும். அந்தக் கோடு மாலத்தீவின் தலைநகர் மாலேயை ஒட்டிப் போகும். நேர்க்கோட்டில் சென்னை சுமார் 630 கி.மீ., மாலே சுமார் 620. கொழும்போ சுமார் 280 கி.மீ. தூரத்தில் வந்துவிடும், திருச்சி அதைவிடத் தூரம். யாழ்ப்பாணமும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம். டாக்காவும் டெல்லியும் அப்படித்தான். இதை நீங்கள் வாயால் சொன்னால் ஒரு தகவலாக நின்றுவிடும். பிள்ளைகளே வட்டம் போட்டுப் பார்த்தால் வகுப்பில் சத்தம் எழும். இதில் ஒரு சிக்கல் வருவதுண்டு. இந்தியா வரைபடத்தைக் கொடுத்தால் மாலே பெரும்பாலும் கீழ்ச் சட்டத்துக்கு வெளியே போய்விடும். தெற்காசியா முழுவதும் விழுகிற வரைபடம் வேண்டும். கவராயம் இல்லாதவர்களுக்கு ஒரு நூலும் இரண்டு குண்டூசியும் போதும்.

இரண்டாம் பாடவேளைக்குக் குழு பிரியுங்கள். நிலத்தில் எல்லையுள்ளவை பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், சீனா, நேபாளம், பூடான், வங்கதேசம், மியான்மர். கடலுக்கு அப்பால் இலங்கை, மாலத்தீவு. ஆக ஒன்பது. 45 பேர் உள்ள வகுப்பென்றால் ஐந்து பேர் வீதம் சரியாக விழும். சீனாவை எடுக்கும் குழுவுக்கு நாடு முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், திணறிப்போவார்கள். மியான்மரை ஒட்டியுள்ள யுன்னான் மாகாணம் ஒன்றே தாராளம். சீன அரசு அங்கீகரித்த 56 இனங்களில் ஹான் இனத்தோடு 25 சிறுபான்மை இனங்கள் அங்கே காலங்காலமாக வாழ்கின்றன.

ஒவ்வொரு குழுவுக்கும் அஞ்சலட்டை அளவில் ஒரு அட்டை. அதில் ஐந்து கேள்விகள்: வீட்டில் என்னென்ன மொழி பேசுகிறார்கள் (குறைந்தது இரண்டு வேண்டும்), காலையில் என்ன சாப்பிடுகிறார்கள், ஒரு பொது விடுமுறையும் அது யாருடைய விழா என்பதும், நம் மாவட்டத்தில் இதற்கு நெருக்கமானது எது, அதே நாட்டில் இதைச் செய்யாதவர்கள் யார்.

உயிர்நாடி அந்தக் கடைசிக் கேள்வி. இலங்கைக் குழு ‘வெசாக்’ என்று எழுதும். வைகாசிப் பௌர்ணமி, புத்தர் பிறந்த நாள், விளக்குக்கூடு, வீதியில் அன்னதானம், எல்லாம் சரி. யார் கொண்டாடுவதில்லை என்று கேட்டால்தான் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அங்கே இருப்பது அட்டைக்குள் வரும். 2012 கணக்கெடுப்புப்படி இலங்கையில் நூற்றுக்கு சுமார் 75 பேர் சிங்களர், 11 பேர் இலங்கைத் தமிழர், 9 பேர் சோனகர் (முஸ்லிம்கள்), 4 பேர் மலையகத் தமிழர் (தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள்). மாதாமாதம் பௌர்ணமி அங்கே பொது விடுமுறை; அது எல்லாருக்கும் விடுமுறை, ஆனால் எல்லாருக்கும் விழா இல்லை. பூடானில் அதே கேள்வி வேறு பக்கம் திரும்பும். நாடு பௌத்த நாடு, ஆனாலும் தெற்கே நேபாளி பேசும் இந்துக்கள் இருப்பதால் தசைன் (நம் விஜயதசமி) அங்கும் விடுமுறை நாள். நேபாளமோ 2021 கணக்கெடுப்பில் 124 தாய்மொழிகளைப் பதிவு செய்த நாடு. ‘நேபாளிகள் நேபாளி பேசுவார்கள்’ என்ற ஒற்றை வரி அங்கே செல்லாது.

மூன்றாம் பாடவேளையில் குழுவுக்கு மூன்று நிமிடம் பேச்சு, ஒரு நிமிடம் கேள்வி. ஒன்பது குழுவுக்கு 36 நிமிடம். எழுந்து வர, உட்கார மீதி நேரம் சரியாகப் போகும். பெரும்பாலும் இங்கேதான் குளறுபடி நடக்கும். கைப்பேசியிலிருந்து இரண்டு பக்கம் பார்த்து எழுதி, புரியாமலே ஒப்பிப்பார்கள். அட்டையில் மொத்தம் 40 சொல்லுக்கு மேல் கூடாது, கையால் எழுத வேண்டும், பேசும்போது அட்டை மேசையில் கவிழ்ந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: பள்ளியில் ‘அண்டை நாடுகள் தினம்’. மகளுக்குப் பூடான் உடை வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?
— ஒரு தாய், குளச்சல்

ப: இல்லை. வாடகை உடையில் பெரும்பாலும் எந்த நாட்டுக்கும் சேராத ஜிகினாதான் வரும். வீட்டில் அப்பாவின் சாரம் இருக்குமே, அதை வைத்தே நான்கு நாட்டைக் காட்டலாம். இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம், மியான்மர் நான்கிலும் மூட்டிய சாரம் அன்றாட உடை; மியான்மரில் லோன்ஜி என்பார்கள். அங்கே ஆண்கள் முன்பக்கம் முடிச்சுப் போடுவார்கள், பெண்கள் ஒருபக்கமாக மடித்துச் செருகுவார்கள். அந்த ஒரு வித்தியாசத்தைச் செய்து காட்டினாலே பாராட்டு கிடைக்கும். பூடான்தான் வேண்டுமென்று பள்ளி பிடிவாதம் பிடித்தால், ஆண்களின் ‘கோ’வும் பெண்களின் ‘கீரா’வும் அங்கே அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கட்டாயச் சீருடைபோல இருப்பவை, கடைத்தெருவில் ஜீன்ஸ் போட்ட இளைஞரையும் பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்துப் பேசச் சொல்லுங்கள்.

கே: எங்கள் பள்ளியில் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இலங்கைப் பாடம் நடக்கும்போது அவர்களையே எழுப்பிப் பேசச் சொல்லலாமா?
— தலைமையாசிரியர், மார்த்தாண்டம் பகுதி

ப: வகுப்பில் திடீரென்று எழுப்பாதீர்கள். காரணம் எளிது. 1983க்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இப்போது உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள், கொழும்பைக் கண்ணால் பார்த்திராதவர்கள். ‘உங்க ஊரில் எப்படி?’ என்று கேட்டால் பதில் தெரியாமல் நிற்பார்கள், வகுப்போ ‘நீ வேற ஊர்’ என்று முத்திரை குத்திவிடும். ‘அகதி’ என்ற சொல்லையும் தவிருங்கள். தமிழக அரசே 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றிவிட்டது.

அவர்களில் யாராவது பேச விரும்பினால் வழி இருக்கிறது. முதலில் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள், பிறகு பெற்றோரிடம். இருவரில் ஒருவர் தயங்கினாலும் விட்டுவிடுங்கள். பிள்ளையைவிட வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைப்பது மேல். வகுப்பு கேட்கப்போகும் கேள்விகளை எழுதி வாங்கி இரண்டு நாள் முன்னதாக அவரிடம் கொடுங்கள். பிடிக்காததை அவரே அடித்துவிடட்டும். எப்போது திரும்பிப் போவீர்கள், குடியுரிமை கிடைத்ததா, வீட்டில் யாரை இழந்தீர்கள் என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்கவே கூடாது. ஒடியல் கூழில் என்னென்ன போடுவார்கள், பனங்காய்ப் பணியாரம் எந்த மாதத்தில் சுடுவார்கள், திருவிழாவுக்கு என்ன கூத்து ஆடுவார்கள் என்று கேட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

இன்னொன்று. நம் மாவட்டத்தில் இலங்கை வரலாறு இரண்டு தடத்தில் வந்திருக்கிறது. கீரிப்பாறைப் பக்கத்து அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களில் பல, 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவை. அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ போருக்குத் தப்பி வந்தவர்கள் கதை வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பினால், வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கே தன் வீட்டுக் கதை தவறாகப் போய்ச் சேரும்.

கே: தமிழ்ப் புத்தாண்டு அன்றே சிங்களருக்கும் வங்காளிக்கும் புத்தாண்டு என்கிறார்கள். யாரைப் பார்த்து யார் செய்தது?
— 9ஆம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

ப: யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் எல்லாரும் பார்த்தது சூரியனை. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாளை ஆண்டின் தொடக்கமாக வைக்கும் பழைய வானியல் கணக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை பரவியது. அதனால்தான் சித்திரை 1, உங்கள் வீட்டில் கனி காணும் விஷு, இலங்கையின் சிங்கள–தமிழ்ப் புத்தாண்டு, நேபாளத்தின் பைசாக் 1, வங்கதேசத்தின் பொஹெலா பொய்ஷாக், மியான்மரில் தண்ணீர் ஊற்றி விளையாடும் திஞ்சான் எல்லாம் ஏப்ரல் நடுவில் வந்து விழுகின்றன. யுன்னானில் வாழும் ‘தாய்’ (Dai) என்ற இனத்தாரும் அதே சமயத்தில் தண்ணீர் விழா கொண்டாடுகிறார்கள். வங்கதேசம் தன் நாட்காட்டியைச் சீர்திருத்தி ஏப்ரல் 14 என்று நிலையாக வைத்துக்கொண்டது. மேற்கு வங்கத்தில் பெரும்பாலும் 15ஆம் தேதி வரும்.

கொண்டாடும் விதம் வேறு. சிங்களர் வீடுகளில் பழைய ஆண்டு போய்ப் புதியது வரும் இடைவேளையில் அடுப்பு மூட்டமாட்டார்கள், வேலை செய்யமாட்டார்கள். சூரிய வட்டம் ராசி எல்லையைக் கடக்க ஆகும் 12 மணி 48 நிமிடம்தான் அந்த இடைவேளை. பிறகு குறித்த நேரத்தில், குறித்த திசை பார்த்து அடுப்பு மூட்டிப் பால் பொங்கவிடுவார்கள். நம் வீட்டுத் தைப்பொங்கல் சித்திரையில் நடப்பதுபோல இருக்கும்.

ஆப்கானிஸ்தானில் புத்தாண்டான நவ்ரோஸ் மார்ச் 21ஐ ஒட்டி, பகலும் இரவும் சமமாகும் நாளில் வருகிறது. அந்தச் சமநாளும் மேஷப் பிறப்பும் சுமார் 1,700 ஆண்டுக்கு முன் ஒரே நாளை ஒட்டி இருந்தவை. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லச் சுழல்வதால் ஏறத்தாழ 71, 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இப்போது 24 நாள் இடைவெளி விழுந்திருக்கிறது. கணக்கு டீச்சரிடம் 24ஐ 72ஆல் பெருக்கிக் காட்டுங்கள், அவருக்கும் பிடிக்கும்.

எல்லா அண்டை நாட்டையும் இதில் அடக்கிவிட வேண்டாம். பூடானுக்கு லோசார் பிப்ரவரி, மார்ச்சில்; சீனாவின் வசந்த விழா சந்திரனை வைத்து ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில்; மாலத்தீவில் இஸ்லாமிய நாட்காட்டி. பள்ளியில் ஏப்ரல் என்றால் தேர்வு நேரம். இந்தப் பாடத்தை ஜூனிலேயே, சுவர் நாட்காட்டி ஒன்றை மாட்டி நடத்திவிடச் சொல்லுங்கள்.

கே: எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். ‘இலங்கை’ என்றதும் ‘நம்ம ஆளைப் பிடிக்கிறவன்’ என்கிறார்கள். பண்பாடு எங்கே பேசுவது?
— ஆசிரியர், தூத்தூர்

ப: அந்தக் கோபத்தைத் தட்டிக்கழித்துவிட்டு வெசாக் விளக்கைக் காட்டினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதிலிருந்தே தொடங்குங்கள். அதற்கு முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: வகுப்பில் யாருடைய அப்பாவாவது, அண்ணனாவது இப்போது வெளிநாட்டுக் காவலில் இருக்கிறாரா? இருந்தால் அந்த வாரம் இந்தப் பாடம் வேண்டாம்.

கரும்பலகையை மூன்றாகப் பிரியுங்கள்: அரசு போட்ட கோடு, கடற்படை செய்வது, மீனவர் சொல்வது. முதல் பத்தியில் 1974, 1976 இந்திய–இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்கள். 1976 ஒப்பந்தம் குமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பேங்க் மீன்பிடித் திட்டை இந்தியாவுக்கு உரியதென்று ஏற்றது. இது பிள்ளைகளின் வீட்டுக் கடல், பெயர் சொன்னதும் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டாவதில் செய்தித்தாளில் வரும் கைது, படகு பறிமுதல். மூன்றாவதில்தான் புதிய செய்தி இருக்கிறது. பாக் நீரிணையில் நம் இழுவைமடிப் படகுகளைப் பற்றி உரக்கக் குறை சொல்கிறவர்கள் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள், அவர்கள் தமிழர்கள். போரில் பல ஆண்டு கடலுக்குப் போக முடியாமல் இருந்து, திரும்பி வந்தபோது தங்கள் வலைகள் அறுபடுவதாகச் சொல்கிறார்கள். மடி அடித்தரையைச் சுரண்டுவதால் குஞ்சும் முட்டையும் போய்விடுகின்றன என்று இலங்கை 2017இல் இழுவைமடியையே சட்டத்தால் தடுத்தது. யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கடற்படையும் மீனவரும் ஒரே ஆள் இல்லை என்பது பலகையில் தெரிந்தால் அன்றைய பாடம் முடிந்தது.

அடுத்த நாள் மாலத்தீவுக்குப் போங்கள். அங்கே சூரையை வலைபோட்டுப் பிடிப்பதில்லை. உயிருள்ள சிறுமீனை இரையாகக் கடலில் வீசி, மீன் மேலே வந்ததும் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகுக்குள் போடுவார்கள். ஆழ்கடல் போகும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதில் உங்களைவிட நன்றாகப் பேசுவார்கள். அவர்களைப் பேசவிடுங்கள்.

கே: உணவுத் திருவிழாவுக்கு, இங்கே கிடைக்கும் பொருளில் செய்யக்கூடிய அண்டை நாட்டுப் பதார்த்தம் சொல்லுங்கள். 40 பேர் ருசி பார்க்க வேண்டும்.
— பெற்றோர்–ஆசிரியர் கழகம், தக்கலை

ப: இரண்டு போதும். ஒன்று, இலங்கையின் கிரிபத், அதாவது பால்சோறு. வெள்ளைப் பச்சரிசி 1 கிலோவைக் கழுவி, இரண்டேகால் லிட்டர் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். மூன்று தேங்காயிலிருந்து எடுத்த கெட்டிப்பால் முக்கால் முதல் ஒரு லிட்டர், அதில் நான்கு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, தண்ணீர் வற்றியதும் ஊற்றிக் கிளறிச் சிறுதீயில் பத்து நிமிடம். தட்டில் அரை அங்குலக் கனத்தில் கொட்டி, வாழையிலையால் அழுத்திச் சமன்செய்து, கால் மணி நேரம் ஆறவிட்டுச் சாய்சதுரமாக வெட்டுங்கள். நம் வீட்டுச் சம்பாப் புழுங்கல் அரிசியில் செய்தால் ஒட்டாது, வெட்டும்போது உதிர்ந்துவிடும். பாலை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் மிதக்கும். சூடாக வெட்டினாலும் கத்தியோடு வந்துவிடும்.

மற்றது மாலத்தீவின் மஸ் ஹூனி. அங்கே காலை உணவு. நம் கடைகளில் விற்கும் மாசிக் கருவாடு 200 கிராம், இரண்டு தேங்காய்த் துருவல், சின்ன உள்ளி 200 கிராம், பச்சை மிளகாய் எட்டு, எலுமிச்சை மூன்று. மாசி கல்போல இருக்கும். இடித்துத் தூளாக்கி, எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். உள்ளியையும் மிளகாயையும் பொடியாக நறுக்கிக் கையால் நன்றாகப் பிசைந்து, அதில் மாசி, கடைசியாகத் தேங்காய். உப்பை ருசி பார்த்த பிறகே போடுங்கள், சில மாசியில் முன்பே உப்பு இருக்கும். மெல்லிய சப்பாத்தியோடு கொடுக்க வேண்டும். பச்சைத் தேங்காய் என்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மீன் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் பட்டியலை முதல் நாளே வாங்குங்கள், மேசையும் கரண்டியும் தனியாக இருக்கட்டும்.

மேசையில் பெயர்ப்பலகை வைக்கும்போது ‘இலங்கை உணவு’ என்பதோடு நிறுத்தாமல், யார், எந்த நாளில் சாப்பிடுவது என்றும் எழுதுங்கள்.

கே: பாகிஸ்தானுக்கு ஒதுக்கிய குழுவின் பெற்றோர் ‘வேறு நாடு கொடுங்கள்’ என்கிறார்கள்.
— ஆசிரியை, இரணியல்

ப: மாற்றிக் கொடுக்காதீர்கள், தலைப்பைச் சுருக்கிக் கொடுங்கள். ‘பாகிஸ்தானில் பேசும் மொழிகள்’ என்றால் யாருக்கும் சங்கடமில்லை. உருது தேசிய மொழி, ஆனால் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பஞ்சாபி, பஷ்தோ, சிந்தி, சராய்கி, பலூச்சி என்று போய்க்கொண்டே இருக்கும். பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி மொழி தமிழின் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த ஒரு தகவல் போதும், குழுவே மேற்கொண்டு தேட ஆரம்பித்துவிடும். சிந்து மாகாணத்தின் தர்பார்க்கர் பகுதி இந்துக்கள், சித்ராலின் கலாஷ் மக்கள், வைசாகிக்கு ஹசன் அப்தாலில் கூடும் சீக்கியர் என்று இரண்டாம் அட்டையும் நிரம்பும். அரசியல் கேள்வி வந்தால் அது வேறொரு பாடவேளைக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

கே: மாவட்டத்துக்குள்ளேயே எங்காவது கூட்டிப்போக முடியுமா?
— ஆசிரியர், தோவாளை

ப: குளச்சல் வெற்றித் தூண், அங்கிருந்து உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சலில் இறங்கிய டச்சுப் படை இலங்கையிலிருந்து வந்தது. தோற்ற பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்த டி லெனாயின் கல்லறை கோட்டைக்குள் இருக்கிறது; கல்வெட்டில் லத்தீனோடு தமிழும் உண்டு. வெயிலுக்கு முன் போய்விடுங்கள்.

கே: இணையத்தில் எடுத்த வரைபடத்தை அச்சிட்டுக் கொடுக்கலாமா?
— கணினி ஆசிரியர், குலசேகரம்

ப: வேண்டாம். வெளிநாட்டுத் தளங்களில் ஜம்மு–காஷ்மீரும் அருணாசலமும் புள்ளிக்கோட்டில் இருக்கும். இந்தியாவின் எல்லையைத் தவறாகக் காட்டும் வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் வெற்று வரைபடத்தை எடுத்து, அதில் நாட்டுப் பெயர்களைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.

கே: மதிப்பெண் எப்படிப் போடுவது?
— ஆசிரியை, அருமனை

ப: பத்துக்கு என்றால்: இரண்டு சமூகத்தையாவது பெயர் சொல்லிக் காட்டியதற்கு 3, நம் மாவட்டத்தோடு ஒற்றுமை, வேற்றுமை இரண்டும் சொன்னதற்கு 3, ‘இதைச் செய்யாதவர் யார்’ என்பதற்குச் சரியான பதிலுக்கு 3, அட்டையைப் பார்க்காமல் பேசியதற்கு 1. ஒட்டிய படத்துக்கும் ஜிகினாவுக்கும் பூஜ்யம், இதை முன்கூட்டியே பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முந்தின இரவு வீட்டில் எல்லாரும் கத்தரிக்கோலும் பசையுமாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.